கஞ்சா, மாத்திரை வழக்குகள்: கொங்குப் பகுதியில் துறைகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாட்ஜ் மேலாளர்கள், மில் விடுதி வார்டன்கள், கல்லூரி நிர்வாகிகள், ஊராட்சிக்காரர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. கொங்குப் பகுதியில் பொருளைப் பிடித்துவிடுகிறார்கள். வழக்கு விழுவது, ஒரு துறை பிடித்ததை இன்னொரு துறை வாங்கிக்கொள்ளும் இடத்தில். அதனால் அந்தக் கைமாறும் இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம்.

போதைப்பொருள் வழக்கை யார்தான் பார்க்கிறார்கள்?

முதலில் உள்ளூர் காவல் நிலையம். மாநில அளவில் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவும் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவும் தனித்தனியாக இருந்தன. 2022-இல் அவை அமலாக்கப் பணியகம், குற்றப் புலனாய்வுத் துறை என்று இணைக்கப்பட்டன. ரயிலில் இரண்டு காக்கி உண்டு: ஆர்.பி.எஃப். எனப்படும் ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது, ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது. விமான நிலையத்தில் சுங்கத் துறை. பெரிய கடத்தல் என்றால் என்.சி.பி. எனப்படும் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமும் டி.ஆர்.ஐ. எனப்படும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் வரும். மாத்திரை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மலைக்காடு என்றால் வனத்துறையும் வருவாய்த் துறையும். எல்லோருக்கும் பொதுவான சட்டம், 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம்.

இத்தனை பேர் எதற்கு? ஒரே துறையிடம் கொடுத்துவிடலாமே?

சாலையைப் பார்த்தால் காரணம் புரியும். பெங்களூரிலிருந்து கேரளத்துக்குப் போகும் ஒரு கார் ஓசூர், தர்மபுரி, தொப்பூர் கணவாய், சேலம், சங்ககிரி, குமாரபாளையம், பவானி லட்சுமி நகர், பெருந்துறை, அவிநாசி, நீலாம்பூர் வழியாக வாளையாறு சேரும். கிருஷ்ணகிரியில் தொடங்கி கோவை முடிய ஏழு மாவட்டங்கள். நடுவில் சேலம் மாநகரம், கடைசியில் கோவை மாநகரம், அதற்கப்புறம் பாலக்காடு. கார் எந்த மாவட்டத்திலும் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது. பெருந்துறையில் கிடைத்த தகவல் அவிநாசிக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி கணியூர் டோலைத் தாண்டியிருக்கும்.

நடைமுறையில் உதவுவது வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் ஆகிய மூன்று சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் நேரப் பதிவும் கேமராவும்தான். விஜயமங்கலத்தில் வண்டி கடந்த நேரம் தெரிந்தால், கணியூரில் எப்போது எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் வரவில்லை என்றால், நடுவில் செங்கப்பள்ளியிலோ அவிநாசியிலோ பிரிந்து போயிருக்கிறது என்று பொருள். இந்த விவரத்தை உடனே கேட்டு வாங்க, ஒவ்வொரு சாவடியிலும் ஷிஃப்ட் பொறுப்பாளரின் எண் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். ஆள் மாறும்போது எண்ணையும் மாற்றி எழுதுவது சின்ன வேலைதான். அதைச் செய்யாததால் பல ராத்திரிகள் வீணாகின்றன.

மேற்கு மண்டல ஐ.ஜி. ஒருவர் இருக்கிறாரே, அவர் சொன்னால் எல்லா மாவட்டமும் கேட்குமே?

ஓரளவுக்குத்தான். கோவை, சேலம் ஆகிய இரண்டு சரகங்களும் மேற்கு மண்டலத்தில் இருக்கின்றன. ஆனால் கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்கள் அந்தந்த போலீஸ் கமிஷனரின் பொறுப்பு. கரூர், பேச்சிலும் பழக்கத்திலும் கொங்கு என்றாலும் காவல் கணக்கில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலம். பழனியும் ஒட்டன்சத்திரமும் தென் மண்டலம். வெள்ளகோவிலைத் தாண்டி கரூர் சாலையில் போகும் வண்டி மாவட்டம் மட்டும் மாறுவதில்லை, மண்டலமே மாறிவிடுகிறது. "அது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதில் அதிகம் வருவது இந்த ஓரங்களில்தான்.

தகவல் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எழுத வேண்டும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, வீடு, குடோன் போன்ற அடைபட்ட இடத்தைச் சோதிக்கும் முன் கிடைத்த தகவலை எழுதிவைத்து, அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரண்ட் வாங்க நேரமில்லாமல் சூரியன் மறைந்த பிறகு உள்ளே போவதானால், அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பஸ் நிலையம், சாலை போன்ற பொது இடம் என்றால் 43-ஆம் பிரிவு. இந்தக் கட்டுப்பாடு அங்கே இல்லை.

இரண்டு துறை சேர்ந்து போகும்போது தகவல் ஒருவருக்கு வந்திருக்கும், சோதனையை இன்னொருவர் நடத்துவார். யார் எழுதினார், எத்தனை மணிக்கு எழுதினார் என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். கிளம்பும் முன்பே யார் வழக்குப் போடுகிறார், யார் சாட்சி என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கைப்பற்றிய இடத்திலேயே எழுதும் மகஜரில், உடன்வந்த மற்றத் துறைக்காரர் ஒவ்வொருவரின் பெயரும் பதவியும் வர வேண்டும்.

ரயிலில் பிடித்தால்?

தன்பாத்திலிருந்து ஆலப்புழா வரும் ரயிலைப் போல, ஒடிசாவையும் ஆந்திர வடக்கு மாவட்டங்களையும் தொட்டுவரும் வண்டிகள் சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாகத்தான் கேரளம் போகின்றன. ஆந்திர-ஒடிசா எல்லை மலைக் கஞ்சா இந்தப் பக்கம் வரும் முக்கிய வழிகளில் இது ஒன்று. 2019 முதல் ஆர்.பி.எஃப். அதிகாரிகளுக்கும் சோதிக்க, கைப்பற்ற, கைது செய்ய அதிகாரம் உண்டு. மேல் விசாரணைக்கு ரயில்வே போலீசிடமோ அமலாக்கப் பணியகத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஈரோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து திருப்பூர் முக்கால் மணி நேரம். இந்த இடைவெளிக்குள் போக வேண்டிய செய்தி நான்கு விஷயம்: வண்டி எண், பெட்டி எண், படுக்கை எண், பையின் படம். "முன்பதிவில்லாப் பெட்டியில் சந்தேகப்படும் ஆள்" என்று மட்டும் அனுப்பினால் அடுத்த நிலையத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நிமிடம்தான் வண்டி நிற்கும்.

பை கிடைத்து ஆள் கிடைக்காத வழக்குகள் நிறைய. ஈரோட்டில் மோப்பநாயைப் பார்த்ததும் பையை விட்டுவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பையை மட்டும் இறக்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்கம்பக்கத்துப் பயணிகள் இரண்டு பேரின் பெயர், கைபேசி எண், டிக்கெட் விவரம், ஏறிய நிலையத்தின் கேமராப் பதிவு கேட்டு ஒரு கடிதம், இவை அன்றைக்கே நடக்க வேண்டும். கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும்.

ஒரு கிலோ, இருபது கிலோ என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சிறு அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. இடையில் இருந்தால் 10 ஆண்டு வரை, ஒரு லட்சம் வரை. வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஜாமீன் எளிதில் கிடைக்காது. ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம்.

எடையில் என்ன தவறு வரப்போகிறது?

பெரிய தவறெல்லாம் எடையில்தான் வருகிறது. கஞ்சா பெரும்பாலும் இரண்டு கிலோ பொட்டலமாக, அழுத்தி, பாலித்தீன் சுற்றி, அதன்மேல் பழுப்பு டேப் சுற்றி வரும். பத்து பொட்டலத்தை அப்படியே தராசில் வைத்தால் 20.400 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையும் டேப்பும் பொட்டலத்துக்கு 60 கிராம் என்றால் பத்துக்கு 600 கிராம். உள்ளே இருப்பது 19.800 கிலோ. வணிக அளவு இல்லை. முதல் தகவல் அறிக்கையில் 20.400 என்றும், மாஜிஸ்திரேட் முன்னால் எடை போட்டபோது 19.800 என்றும் வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு அதைவிட நல்ல ஆயுதம் வேண்டாம். ஆகவே உறையோடு எடை, உறையில்லாத எடை என இரண்டையும் பொட்டலம் வாரியாக மகஜரில் எழுத வேண்டும். ஈரக் கஞ்சா நாளாக ஆகக் காய்ந்து எடை குறையும். பிடித்தபோது ஈரமாக இருந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

தராசு யாருடையது, முத்திரையிடப்பட்டதா என்பதும் கேள்வியாகும். ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து மளிகைக் கடையைத் திறக்கச் சொல்லித் தராசு வாங்கினால், அந்தக் கடைக்காரரும் சாட்சியாக வேண்டும். அவர் வரமாட்டார். ரோந்து வண்டியிலேயே சோதித்து முத்திரையிட்ட மின்னணுத் தராசு இருப்பது நல்லது.

மாதிரி எடுப்பதற்கு 52ஏ பிரிவும் 2022 டிசம்பரில் வந்த விதிகளும் உண்டு. மாஜிஸ்திரேட் முன்னிலையில், இரண்டு பிரதியாக, கஞ்சா என்றால் ஒவ்வொன்றும் 24 கிராம். ஒரே அளவு, ஒரே அடையாளம் உள்ள கஞ்சாப் பொட்டலங்களை 40 வரை ஒரு தொகுதியாகச் சேர்க்கலாம். ஆய்வகம் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். பிடித்த இடத்திலேயே மாதிரியைப் பிரித்து எடுக்கும் பழைய வழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. ஆர்.பி.எஃப். முத்திரை வைத்து ஒப்படைத்த பையை, வாங்கிய துறை "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று பிரிப்பதும் நடக்கிறது. தறியில் ஒரு பாவு இழை அறுந்தால் துணி நீளத்துக்கும் பழுது ஓடுவதுபோல, இந்த ஒரு பிரிப்பு வழக்கின் கடைசி வரை வரும். முத்திரை கலையாமல் வாங்க வேண்டும். முத்திரையின் அச்சு மாதிரியும் பையோடு வர வேண்டும். கொடுத்தவர், வாங்கியவர் கையெழுத்தும் நேரமும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

ஆளைச் சோதிக்கும்போது?

50-ஆம் பிரிவு. உடம்பைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். "அல்லது நானே சோதிக்கட்டுமா?" என்று மூன்றாவது வழி காட்டினால் கெட்டது. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே நோட்டீஸ் கொடுத்தாலும் கெட்டது. 2014-இல் பரமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளியிடம் தமிழில் நோட்டீஸ் நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது அவருக்குச் சொன்னதாக ஆகாது. இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மொழிகளில் அச்சிட்ட படிவம் நிலையத்தில் இருக்க வேண்டும். கையில் இருக்கும் பைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

2024 ஜூலை முதல் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். பொருளை எடுத்த இடத்தில் தொடங்கி, எடை, முத்திரை, கையெழுத்து வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கிய பதிவு, இல்லாததைவிட மோசம்.

கஞ்சா சாக்லேட்டில் கஞ்சா கொஞ்சம்தானே இருக்கும்?

முழு எடையும் கணக்கு. கலப்படப் பொருளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மாத்திரை வழக்குகள் ஏன் நீதிமன்றத்தில் நிற்பதில்லை?

இது வருத்தமான விஷயம், விரிவாகச் சொல்ல வேண்டியது. மாத்திரையைப் பிடித்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது என்.டி.பி.எஸ். பட்டியலில் உள்ளதா என்பது. அல்பிரசோலம், நைட்ரசெபம் பட்டியலில் உள்ளவை. டிரமடால் 2018 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. அப்போது டேபெண்டடால் சேரவில்லை. வியாபாரம் அதன் பக்கம் சாய்ந்தது. வலிக்குக் கொடுக்கும் அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைக் கோவை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கை வீங்கி, ரத்தக்குழாய் அடைத்து வருகிறார்கள்.

பட்டியலில் இல்லாத மாத்திரைக்கு மருந்துச் சட்டம்தான் கைகொடுக்கும். மருந்துத் தயாரிப்பு, விற்பனை பற்றிய அதன் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குக் காவல் துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது. மருந்து ஆய்வாளர்தான் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே மருந்து ஆய்வாளர் இல்லாமல் நடக்கும் மாத்திரைச் சோதனை பாதிச் சோதனை. அவர் வந்து, மாதிரி எடுப்பதைத் தெரிவிக்கும் படிவம் 17 கொடுத்து மாதிரி எடுக்க வேண்டும்.

பிடித்த அட்டைகளை வெட்டாமல், கசக்காமல் வைக்க வேண்டும். அட்டையில் உள்ள தொகுதி எண்தான் ஆதாரம். அதை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டால் எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்று தெரியும். அவருடைய விற்பனைப் பில்லைப் பார்த்தால் எந்தக் கடை என்று தெரியும். வேறு மாநிலத்துப் பெயரளவு நிறுவனத்துக்குக் கூரியரில் போனதாகப் பில் இருந்தால், அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அன்றே எழுத வேண்டும். விற்ற பையனைப் பிடித்ததோடு நின்றால், அடுத்த வாரம் அதே தெருவில் வேறொரு பையன் நிற்பான்.

எல்லை தாண்டி ஓடினால் யாரைக் கூப்பிடுவது?

மாநிலத்துக்கு மாநிலம் அமைப்பு வேறு. கேரளத்தில் கலால் துறைக்கே கஞ்சா வழக்குப் போடும் முழு அதிகாரம் உண்டு. வாளையாறில் அவர்களுடைய சோதனைச்சாவடி இருக்கிறது. பாலக்காட்டு போலீசிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கலால் துறைக்குச் சொல்லாமல் விட்டால் பாதி வழி திறந்தே இருக்கும். வேலந்தாவளம், கோபாலபுரம், ஆனைகட்டி போன்ற சின்னச் சாலைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் மாவட்டத்துக்கு ஒரு சி.இ.என். காவல் நிலையம் உண்டு. சைபர், பொருளாதாரக் குற்றம், போதைப்பொருள் மூன்றும் அங்கே. பண்ணாரி, பர்கூர், கக்கநல்லா வழியாகப் போனால் சாம்ராஜ்நகரும் மைசூரும். ஆந்திரத்தில் 2024 இறுதியில் ஈகிள் என்ற தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள்.

வேறு மாநிலத்தில் கைது செய்தால், அங்குள்ள நிலையத்தில் தகவல் பதிந்து, 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம், காவலில் கொண்டுவருவதற்கான அனுமதியான பயண ரிமாண்ட் வாங்கித்தான் அழைத்து வர வேண்டும். உள்ளூருக்குச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்த வழக்குகளில் கைதே சட்டவிரோதம் என்று போய்விடுகிறது.

பிடிபட்டவர் ஒப்புக்கொண்டாரே, அது போதாதா?

போதாது. 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், என்.சி.பி. போன்ற துறை அதிகாரிகளிடம் 67-ஆம் பிரிவின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தையும் ஒப்புதல் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதனால் மேலே இருக்கும் சப்ளையரைப் பிணைக்க, 29-ஆம் பிரிவின் கீழ் சதியைக் காட்டும் தனி ஆதாரம் வேண்டும்: கைபேசி அழைப்புப் பதிவு, யு.பி.ஐ. பணப் பரிமாற்றம், லாட்ஜ் பதிவேடு, வண்டி வாடகை. மின்னணு ஆதாரத்துக்குப் புதிய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்த்து வாங்க வேண்டும்.

கலெக்டர் தலைமையில் கூட்டம் நடக்கிறதே, அதனால் பயன் உண்டா?

போதைப்பொருள் தடுப்பில் துறைகளை ஒருங்கிணைக்கும் இந்த அமைப்புக்கு என்கார்டு என்று பெயர். 2016-இல் தொடங்கி 2019-இல் நான்கு அடுக்காக மாற்றப்பட்டது. மாவட்ட அடுக்குக்குக் கலெக்டர் தலைவர், மாதம் ஒருமுறை கூட வேண்டும். கடந்த மாதம் எத்தனை வழக்கு என்று படித்துவிட்டுக் கலைந்தால் பயனில்லை. ஆய்வக அறிக்கை நிலுவை எத்தனை, எந்த மருந்துக் கடையின் உரிமம் ரத்து, எந்தப் பள்ளியைச் சுற்றி எந்தக் கடை என்று பெயர் சொல்லிப் பேசும் மாவட்டங்களில் வேலை நடக்கிறது.

குண்டாஸ் போட்டால் அடங்குவார்களா?

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். 12 மாதம் வரை. மாநகரத்தில் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போடுகிறார். ஆவணங்களைக் காவலில் வைக்கப்பட்டவருக்குத் தெரிந்த மொழியில் தராததும், அவருடைய மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்ததும் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு ரத்தாக வழக்கமான காரணங்கள். பணத்தில் கை வைப்பது அதைவிட வலிக்கும். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய என்.டி.பி.எஸ். வழக்கில் சொத்தை முடக்கும் உத்தரவு போட்டு, 48 மணி நேரத்துக்குள் சென்னையில் உள்ள தகுதிபெற்ற அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் 30 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அது செல்லாது. இந்த 30 நாளைத் தவறவிடுவது வழக்கமாகிவிட்டது.

எங்க தோட்டத்து ஓரத்துல யாரோ செடி வச்சிருக்காங்க. நமக்கெதுக்குன்னு விட்டுறலாமுங்களா?

விடக்கூடாது. 46-ஆம் பிரிவுப்படி தன் நிலத்தில் கஞ்சா பயிரானது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது நில உடைமையாளருக்கே குற்றம். 47-ஆம் பிரிவுப்படி வி.ஏ.ஓ.வுக்கும் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் சொல்லும் கடமை உண்டு. செடியை நீங்களே பிடுங்கி எரிக்க வேண்டாம். சர்வே எண்ணோடு சொல்லுங்கள்.

சொன்னா எங்க பேர் வெளிய வருமுங்களா?

தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலத்தின் கட்டணமில்லா எண் 10581. மத்திய அரசின் மானஸ் எண் 1933. அவசரத்துக்கு 112. இடம், நேரம், வண்டி எண், ஆள் அடையாளம் இந்த நான்கையும் சொன்னால் போதும். வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைச் சிக்கவைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

விடுதி அறையில் பொட்டலம் கிடைத்தால் வார்டன் என்ன செய்வது?

தொட வேண்டாம், அலுவலகத்துக்கு எடுத்து வர வேண்டாம், கழிவறையில் கொட்ட வேண்டாம். அறையைப் பூட்டி, நேரத்தைக் குறித்து, நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். எடுத்து வந்தால் பொருள் உங்கள் கையில் இருந்ததாக ஆகும். தெரிந்தே இடம் கொடுத்தவருக்கு 25-ஆம் பிரிவில் அதே குற்றத்துக்கான தண்டனை உண்டு. தங்குபவர் பதிவேடும் அடையாள அட்டை நகலும் ஒழுங்காக இருந்தால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. விற்க 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பயன்படுத்தியிருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவும் சேரும். ஏழு ஆண்டு வரை சிறை.

எங்க பையன் பழகிட்டான். போலீசுக்குப் போனா கேஸ் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் அரசு அங்கீகரித்த மீட்பு மையங்களிலும் சிகிச்சை உண்டு. தேசிய உதவி எண் 14446. ஏற்கெனவே வழக்கு ஆகியிருந்தாலும், பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ மட்டும் என்றால், தானாக முன்வந்து இத்தகைய இடத்தில் சிகிச்சை எடுப்பவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சேர்ந்த சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து வக்கீலிடம் கொடுங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. ஆகவே முழுக் காலமும் கூட இருந்து முடிக்க வையுங்கள்.